டொராண்டோ குளிரில் சீமை அத்தி வளர்த்தல்

டொராண்டோவில் சீமை அத்தி வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் பனிக்கே அஞ்சுகின்றனர். ஆனால் வேரில் உயிர் இருக்கும்வரை மரம் மறுபடி துளிர்த்துவிடும். காய் பழுக்குமுன் கோடை முடிந்துவிடுவதே இங்குள்ள பெரிய இடர். ஆகவே வகையைத் தேர்ந்தெடுப்பதிலேயே கவனம் வேண்டும். 'சிகாகோ ஹார்டி' வகையை முதலில் பரிந்துரைப்பேன். கிளைகள் குளிரில் பட்டுப்போனாலும், அடியிலிருந்து எழும் புதுக்கிளையில் அது அதே ஆண்டில் காய்க்க வல்லது. மகரந்தம் சேர்க்கும் அத்திக்குளவி இல்லாமலே பழுக்கும் வகை என்பதால் ஒரு மரமே போதும்.

முதன்முறை வளர்ப்போர்க்குத் தொட்டியே நல்லது. நீர் நன்கு வடியும் 40 முதல் 60 லிட்டர் தொட்டியில் நட்டு, தெற்கு நோக்கிய சுவரை ஒட்டி வைத்தால், சுவர் பகலில் வாங்கிய வெப்பமும் மரத்துக்குக் கிடைக்கும்.

இலையுதிர் காலத்தில் மரத்தை அவசரப்பட்டு உள்ளே கொண்டுவரக் கூடாது. இலேசான உறைபனி பட்டு இலைகள் உதிர்ந்தபின், சூடேற்றப்படாத கராஜில், உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் வைக்க வேண்டும். இலையற்ற மரத்துக்கு வெளிச்சம் தேவையில்லை. மண் முற்றிலும் காய்ந்துவிடாதபடி மாதம் ஒருமுறை சிறிது நீர் விட்டால் போதும். வெதுவெதுப்பான வரவேற்பறையில் வைத்தால் மரம் உறக்கம் கலைந்து, நடுக்குளிர்காலத்தில் வெளிறிய துளிர்களை விட்டு வலுவிழக்கும்.

நிலத்தில் நட்டவர்களுக்கு, இந்நகரில் குடியேறிய இத்தாலியர் கைக்கொண்ட முறை உண்டு. ஒரு பக்க வேர்களை வெட்டிவிட்டு, கிளைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, மரத்தைப் பள்ளத்தில் மெல்லச் சாய்த்துப் படுக்கவைத்து, பலகை, சருகு, மண் ஆகியவற்றால் மூடி, வசந்தத்தில் மீண்டும் நிமிர்த்துவார்கள். உழைப்பு மிகுந்ததாயினும், பழைய கிளைகளைக் காப்பாற்றித் தரும் அருமையான முறை இது.

ஏப்ரல் இறுதியிலிருந்து தொட்டியைப் பகலில் வெளியிலும் இரவில் உள்ளேயும் வைத்து, துளிர்களைப் படிப்படியாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். இப்படிக் கிடைக்கும் சில வாரங்களே பின்னர் பழமாகின்றன. புதுக்கிளையில் ஐந்தாறு இலைகள் வந்ததும் நுனியைக் கிள்ளினால் காய் விரைந்து பிடிக்கும். கிள்ளும்போது வடியும் பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் உண்டாகும் என்பதால் கையுறை அவசியம். தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரம் இலையைப் பெருக்கிக் காயைப் பிந்தச் செய்யும். ஆகஸ்டுக்குப் பின் உரமே வேண்டாம்.

பறித்த காய் பழுக்காது. காம்பு தளர்ந்து, பழம் தலைகவிழ்ந்து, தொட்டால் மெத்தென்று இருக்கும்போது பறிக்க வேண்டும்.