யுரேனைல் அசிட்டேட்: கதிருக்குப் பயந்து தூளைக் கோட்டைவிடும் தவறுகள்

"கரிமணலிலேயே பிறந்து வளர்ந்தவர்களை இந்த மஞ்சள் தூள் என்ன செய்துவிடும்?" குமரி மாவட்டத்துக் கல்லூரி ஆய்வகங்களில், எலக்ட்ரான் நுண்ணோக்கி மாதிரிகளுக்குச் சாயமேற்ற வைத்திருக்கும் யுரேனைல் அசிட்டேட் என்ற யுரேனிய உப்புப் பாட்டிலை வெளியே எடுத்தால் இந்தப் பேச்சும் கூடவே வெளியே வரும். மணவாளக்குறிச்சிக் கரையில் மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமம் இருப்பது 1909-லேயே வெளிவந்த செய்தி. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அதைக் கண்டார். நம் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். யுரேனியமும் கொஞ்சம் உண்டு. இதே மணல் கிடக்கும் கேரளக் கரையில், கருநாகப்பள்ளி மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வும் அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை. எல்லாம் சரிதான். ஆனால் அந்தக் கணக்கை இந்தப் பாட்டிலுக்குப் போடுவதுதான் முதல் தவறு.

மோனசைட் தண்ணீரில் கரையாது. காலில் ஒட்டும், தட்டினால் உதிரும். யுரேனைல் அசிட்டேட் அப்படியல்ல. 100 மில்லி தண்ணீரில் 7 கிராமுக்கு மேல் கரையும். மூச்சிலோ வாயிலோ உடம்புக்குள் போனால் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போய், அங்குள்ள நுண்குழாய்களைக் கெடுக்கும். ஈயம், பாதரசம் போல இதுவும் ஒரு கனஉலோக விஷம். இயற்கை யுரேனியமானாலும், யுரேனியம்-235 வகை குறைக்கப்பட்ட யுரேனியமானாலும், கதிர் கெடுதி செய்வதற்கு முன்பே ரசாயனம் கெடுதி செய்துவிடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "கதிரியக்கம்" என்ற சொல்லைப் பார்த்ததும் பாட்டிலை ஈயப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு, எடைபோடும்போது மட்டும் மின்விசிறிக்குக் கீழே திறப்பார்கள். ஒரு கிராம் உப்பில் யுரேனியம் 0.56 கிராம்தான். அதிலுள்ள யுரேனியம்-238 நொடிக்குச் சுமார் 7,000 முறை சிதைகிறது. அப்போது வெளிவரும் ஆல்பா துகள், பாட்டிலின் கண்ணாடியையோ சில சென்டிமீட்டர் காற்றையோ தாண்டாது. சிதைவில் பிறக்கும் புரோட்டாக்டினியம்-234எம் விடும் பீட்டா துகள் அதிகபட்சம் 2.27 எம்.இ.வி. (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலுடன் வரும். அதைத் தடுக்க ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள அக்ரிலிக் பலகை போதும். பீட்டாவுக்கு முன் ஈயத்தை வைத்தால் கொஞ்சம் எக்ஸ்-கதிர்தான் மிச்சம். சில கிராம் உள்ள பாட்டிலை மூடி, இன்னொரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, ஆள் உட்காரும் இடத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அலமாரியில் பூட்டினால் வெளியிலிருந்து வரும் கதிர் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. கவலைப்பட வேண்டியது தூளைப் பற்றி.

எடைபோடும் இடத்தில்தான் பாதித் தவறுகள்

கரையும் யுரேனியத்துக்கு, வேலையிடக் காற்றில் அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா வைத்திருக்கும் வரம்பு கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம், 8 மணி நேரச் சராசரி. நாலு மீட்டருக்கு ஐந்து மீட்டர், உயரம் மூன்று மீட்டர் என்று ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். 60 கன மீட்டர். அந்தக் காற்று முழுதும் வரம்பைத் தொட 3 மில்லிகிராம் யுரேனியம், அதாவது 5 மில்லிகிராம் சொச்சம் உப்பு பறந்தால் போதும். கரண்டியின் நுனியில் ஒட்டியிருப்பது அதைவிட அதிகம்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்குக் காற்றாலைகள் சுற்றுகிற ஊர் இது. ஆடி மாதத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து, மேலே விசிறியையும் ஓடவிட்டு, திறந்த மேசையில் தராசை வைத்துத் தூளைத் தட்டினால் மீதிக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

சரியான முறை சுலபம். மூடியுடன் கூடிய வெற்றுக் குப்பியைத் தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். குப்பியையும் பாட்டிலையும் ஃபியூம் ஹூடுக்குள் (காற்றை உள்ளிழுத்து வெளியே தள்ளும் ஆய்வகக் கூண்டு) கொண்டுபோய், பிளாஸ்டிக் கரண்டியால் தூளை மாற்றி, குப்பியை மூடி, ஈர டிஷ்யூவால் வெளியே துடைத்து, மறுபடி தராசில் வையுங்கள். 0.20 கிராம் எடுக்க நினைத்து 0.23 வந்ததா? திரும்பப் போய்த் தூளைக் குறைக்காதீர்கள். குப்பியை ஒருமுறை கூடுதலாகத் திறப்பதில்தான் தூள் பறக்கிறது. தண்ணீரைக் கூட்டுங்கள்: 2 சதவீதக் கரைசலுக்கு 0.23 கிராமுக்கு 11.5 மில்லி. எடையைத் துரத்தாமல் தண்ணீரைச் சரிசெய்யும் இந்த ஒரு பழக்கத்தால் எவ்வளவோ தொல்லை போகும். பணம் இருந்தால் ஒரு கிராம் பொதியாக வாங்கி, 50 மில்லி தண்ணீரில் முழுவதையும் கரைத்துவிடுங்கள், தராசே வேண்டாம்.

ஃபியூம் ஹூடுக்குப் பதில், வடிகட்டிய காற்றை மாதிரியின் மேல் ஊதும் லேமினார் ஃப்ளோ மேசையில் உட்கார்வது, கேட்டாலே பதறவைக்கும் தவறு. உயிரியல் துறைகளில் இது சகஜம். "ஹூட்தானே, காற்று ஓடுகிறதே" என்பார்கள். ஓடுகிறது, உங்கள் முகத்தை நோக்கி. லேமினார் ஃப்ளோ மாதிரியைக் காப்பாற்றும் கருவி, ஆளைக் காப்பாற்றும் கருவி அல்ல. இன்னொன்று, கரண்ட் போவது. இன்வெர்ட்டரில் விளக்கு எரியும், ஹூடின் விசிறி நின்றிருக்கும். வெளிச்சம் இருப்பதால் அது நின்றது கவனத்துக்கு வராது. ஹூடின் வாயில் ஒரு மெல்லிய காகிதக் கீற்றை ஒட்டிவையுங்கள். அது உள்நோக்கி ஆடவில்லை என்றால் பாட்டிலை மூடி, ஹூடின் கண்ணாடிக் கதவை இறக்கிவிட்டு வெளியே வாருங்கள்.

கரைசல் கலங்கினால்

தெளிவான மஞ்சள் கரைசல் இரண்டு வாரத்தில் கலங்கி, கிரிட்டின் (நுண்ணோக்கியில் மாதிரியைத் தாங்கும் சிறு உலோக வலை) மேல் கருப்புப் புள்ளியாக விழுவது பழைய புலம்பல். காரணம் பெரும்பாலும் வெளிச்சம். பழுப்புக் குப்பியில் ஊற்றி, மேலே அலுமினியத் தாளைச் சுற்றி, 4 டிகிரியில் வையுங்கள். சாப்பாட்டு டப்பா வைக்கும் ஃப்ரிட்ஜில் வேண்டாம். இதை எழுத வேண்டியிருப்பதே வருத்தம்.

இரண்டாவது காரணம் பாஸ்பேட். இந்தக் கரைசலின் பி.எச். 4-ஐ ஒட்டி இருக்கும். பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசலான பி.பி.எஸ். கொண்டு கழுவிய மாதிரியின் மேல் அப்படியே விட்டால் யுரேனைல் பாஸ்பேட் படிந்துவிடும். பி.எச். 6-ஐ நெருங்கினாலும் படியும். சாயத்துக்கு முன் வாலைவடிநீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். கலங்கிய கரைசலைச் சூடாக்கித் தெளியவைக்கப் பார்ப்பது வீண்வேலை. அது கழிவுக் குப்பிக்குப் போகட்டும்.

வடிகட்ட 0.22 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டர் வழக்கம். ஃபில்டர் அடைத்துக்கொண்டதும் கட்டை விரலால் அழுத்துவார்கள், அது தெறித்துக் கழன்று கண்ணுக்கு நேரே பீச்சும். திருகிப் பூட்டும் லூயர்-லாக் சிரிஞ்சும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். அடைத்தால் அழுத்த வேண்டாம், புது ஃபில்டர் மாட்டுங்கள். சாயத்துக்குத் தேவை 5 முதல் 10 மைக்ரோலிட்டர் துளி. எடைபோட்டுக் கரைக்கிறவர்கள் அதற்காக 50 மில்லி தயாரிக்கும் தாராளமும் வேண்டாம். வாயால் பிப்பெட் உறிஞ்சும் வழக்கம் இன்னும் செத்துப்போகவில்லை என்பதால் அதையும் சொல்லி வைக்கிறோம்: கூடாது.

துளியை ஒற்றியெடுக்கும் வடிதாள் துண்டுகளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மேசை ஓரத்தில் கிடந்து காய்ந்ததும் அவை மறுபடி தூள்தான். பக்கத்திலேயே ஜிப் பை ஒன்றைத் திறந்து வைத்து, ஈரமாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். அதேபோல, சாமணத்தின் இரு முனைகளுக்கும் நடுவே ஏறி நிற்கும் துளி கிரிட் பெட்டிக்குள் போகும், அங்கிருந்து அடுத்தவர் கைக்குப் போகும். முனைகளுக்கிடையே வடிதாளைச் செருகி இழுத்த பிறகே பெட்டியைத் திறக்கவும்.

திருவனந்தபுரத்து நுண்ணோக்கிக்கு மாதிரி கொண்டுபோகிறவர்கள் கரைசலைப் பையில் வைத்துக் களியக்காவிளை பஸ்ஸில் ஏற வேண்டியதில்லை. சாயமேற்றி உலர்ந்த கிரிட்டைப் பெட்டியில் கொண்டுபோகலாம். அதில் ஒட்டியிருப்பது மைக்ரோகிராம் கணக்கு. இல்லையென்றால் அங்கேயே சாயமேற்றித் தரச் சொல்லலாம்.

கவுண்டர் சொல்வதும் சொல்லாததும்

கதிரை எண்ணும் கைகர் கவுண்டர் வாங்கியதும் முதலில் செய்யும் தப்பு, பின்னணி அளவை எடுக்காமல் மேசையை அளப்பது. நம் கரையில் மணல் கலந்த தரை, சுவர், கிரானைட் மேடை எல்லாமே கொஞ்சம் சொடுக்கும். அதே அறையில், பாட்டில் வராத மூலையில், ஐந்து நிமிடம் எண்ணிப் பின்னணியைக் குறித்துக்கொள்ளுங்கள். மேசையின் எண்ணிக்கை அதைத் தாண்டுகிறதா என்பதுதான் கேள்வி. கருவியின் முகத்தை ஒரு சென்டிமீட்டர் உயரத்தில், தொடாமல், நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில் நகர்த்த வேண்டும். விசிறுவதுபோல வீசினால் ஒன்றும் தெரியாது. திரையில் வரும் மைக்ரோ சீவெர்ட் (உடம்பில் படும் கதிரின் அளவு) எண் காமாவுக்காக அளவிட்டது. மேசை அழுக்குக்கு நிமிட எண்ணிக்கையைப் பாருங்கள்.

மைக்கா ஜன்னல் இல்லாத மலிவுக் கருவிக்கு ஆல்பா தெரியவே தெரியாது. அது எண்ணுவதெல்லாம், யுரேனியம் சிதைந்து பிறக்கும் தோரியம்-234-இன் வழியில் வந்த பீட்டா. தோரியம்-234-இன் அரை ஆயுள் 24 நாள். அதனால் புதிதாகச் சுத்திகரித்த உப்பு முதல் வாரங்களில் குறைவாகச் சொடுக்கி, மாதங்கள் போகப் போகக் கூடும். "முன்பைவிட அதிகமாக அடிக்கிறதே" என்று பதறுவதும், "அடிக்கவில்லை, ஆகவே சுத்தம்" என்று நிம்மதியாவதும் இரண்டுமே தவறு. சட்டையில் குத்திய டி.எல்.டி. பேட்ஜும் அப்படித்தான்: வெளியிலிருந்து வரும் கதிரை அளக்கும், மூச்சில் போன தூளை அளக்காது.

சிந்தினால்

துடைப்பம் வேண்டாம். வீட்டு வேக்கம் கிளீனரும் வேண்டாம். அது தூளை உறிஞ்சிப் பின்பக்கமாக அறைக்குள் ஊதும். விசிறியை நிறுத்தி, ஈர டிஷ்யூவைத் தூளின் மேல் மெதுவாகப் போர்த்துங்கள். வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். ஒரு டிஷ்யூவுக்கு ஒரே இழுப்பு. பிறகு சோடியம் பைகார்பனேட் கரைசலால் துடைத்தால் மிச்சமும் வரும், ஏனெனில் கார்பனேட்டுடன் சேர்ந்த யுரேனைல் நன்றாகக் கரையும். அந்த இடத்தை அளந்து, பின்னணிக்கு இறங்கும்வரை இதையே செய்யுங்கள். தோலில் பட்டால் வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் மட்டும். பிரஷால் தேய்த்துத் தோலைச் சிராய்த்தால் அது உள்ளே போக வழி செய்து கொடுக்கிறீர்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீர். விழுங்கியிருந்தாலோ தூளை இழுத்திருந்தாலோ பாட்டிலின் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனை. சிறுநீரில் யுரேனியம் பார்க்கச் சொல்ல வேண்டும்.

க்ளவுஸ் இரண்டு அடுக்கு நைட்ரைல். மேல் அடுக்கு அழுக்கு, அதோடு கதவையும் போனையும் தொடக் கூடாது.

சிங்க்கில் ஊற்றினால் எவ்வளவு?

"பத்து மில்லிதானே" என்பது வழக்கமான சமாதானம். 2 சதவீதக் கரைசல் 10 மில்லியில் யுரேனியம் 112 மில்லிகிராம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால், அந்தப் பத்து மில்லி 3,700 லிட்டர் தண்ணீரை வரம்பு வரை கொண்டுவரும். இங்கே சிங்க் தண்ணீர் போய்ச் சேரும் உறைகிணறும் குடிக்கும் கிணறும் பல வளாகங்களில் ஐம்பது அடி இடைவெளியில் இருக்கின்றன.

திரவம் ஒரு குப்பி, காய்ந்த பொருள் ஒரு பை என்று பிரித்து, பெயர், அளவு, தேதி எழுதி, கல்லூரியின் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் பாட்டிலை வாங்குவதற்கு முன்பே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளைப் பார்த்திருக்க வேண்டும். இதே நுண்ணோக்கி வேலையில் சேரும் லெட் சிட்ரேட், ஆஸ்மியம் கழிவுகளை இதோடு கலக்காதீர்கள். கலந்ததை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாமல் வருடக்கணக்கில் மூலையில் கிடக்கும். மருத்துவக் கழிவின் மஞ்சள் பையில் போட்டால் அது எரியூட்டிக்குப் போகும்; யுரேனியம் எரிந்து தீர்வதில்லை.

அலமாரியின் பின்வரிசை

உப்புப் பகுப்பாய்வில் சோடியத்தைக் கண்டறிய ஜிங்க் யுரேனைல் அசிட்டேட் வாங்கிய காலம் உண்டு. ஜுவாலைச் சோதனையே போதும் என்றான பிறகும் பாட்டில்கள் போகவில்லை. கடற்காற்றில் மூடி துருவேறி, மரையில் மஞ்சள் பொருக்கு கட்டியிருக்கும். அதைத் திருகினால் பொருக்கு உடைந்து உதிரும். திறக்கத் தேவையில்லை என்றால் திறக்காமலே ஜிப் பையிலிட்டு ஒப்படையுங்கள். திறந்தே ஆக வேண்டுமென்றால் ஹூடுக்குள், மூடியைச் சுற்றி ஈர டிஷ்யூ கட்டி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் திருகுங்கள். பக்கத்தில் யுரேனைல் நைட்ரேட் இருந்தால் அதை ஈதர் போன்ற கரைப்பான்களிடமிருந்து தள்ளி வையுங்கள். ஈதரில் கரைந்த அது வெயில் பட்டு வெடித்ததுண்டு.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் ஆர்டர் போடும் முன் ஒரு வாரம் மாற்றுச் சாயங்களான பாஸ்போடங்ஸ்டிக் அமிலத்தையோ கெடோலினியம் அசிட்டேட்டையோ முயன்று பார்க்கலாம். படத்தில் கருப்பு-வெளுப்பு வேறுபாடு கொஞ்சம் குறையும், உறையுள்ள சில வைரஸ்களைப் பாஸ்போடங்ஸ்டிக் அமிலம் சிதைத்துவிடவும் கூடும். வழக்கமான பாக்டீரியா, நானோதுகள் படங்களுக்குப் பெரும்பாலும் இவையே போதும். கழிவுக்குப் பாதுகாப்பு அலுவலரைத் தேடி அலையவும் வேண்டியதில்லை.