வோல்டேஜ் முழுசாக இருந்தும் சோலார் மோட்டார் ஓடவில்லையா? இப்படிப் பாருங்கள்

உச்சி வெயில், பேனலில் தூசி இல்லை, மல்டிமீட்டரை வைத்தால் 420 வோல்ட் காட்டுகிறது. ஆனால் மோட்டார் சுற்ற ஆரம்பித்த சில நொடியில் கன்ட்ரோலர் (பேனல் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி) 'லோ வோல்டேஜ்' என்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

படி 1. எதையும் கழற்றும் முன் கன்ட்ரோலரில் மோட்டாரை நிறுத்துங்கள், அப்புறம் டிசி ஐசொலேட்டரை (பேனலிலிருந்து கன்ட்ரோலருக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணையுங்கள், பிறகு பத்து நிமிடம் காத்திருங்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் அவ்வளவு நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கவே கூடாது. ஏசி மின்சாரம் நொடிக்கு 100 தடவை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் தீப்பொறி தானாக அணையும், டிசியில் அப்படி அணையாது, இழுக்க இழுக்க நீளும். ஐசொலேட்டரை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனல் பக்கத்து ஒயரில் உயிர் இருக்கும், அதை மறக்காதீர்கள்.

படி 2. எனக்குப் புரியாமல் போனது இதுதான். மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் மிக மிகக் குறைவு. அதனால் வழியில் ஒரு இணைப்பு நூலிழையில் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டரில் முழு வோல்டேஜ் தெரியும். மோட்டார் ஆம்பியரை இழுக்கும்போதுதான் அந்தக் கெட்ட இணைப்பு வோல்டேஜைத் தின்னும். ஆகவே சும்மா இருக்கும்போது அளந்ததை நம்பாமல், கன்ட்ரோலர் திரையில் டிசி வோல்டேஜை வைத்துக்கொண்டு மோட்டாரை ஓட விடுங்கள். 420 என்பது 350 பக்கம் வந்து நின்றால் அது இயல்பு. என்னுடையதில் 200க்குக் கீழே சரிந்தது.

படி 3. எந்த இணைப்பு என்று கண்டுபிடிக்க, மோட்டார் நாலைந்து முறை ஓடி நின்றதும் ஒவ்வொரு எம்சி4 கனெக்டரையும் (பேனல் ஒயர்களைச் சொருகி இணைப்பது) ஐஆர் வெப்பமானியால் (தொடாமலே சூட்டை அளப்பது) தள்ளி நின்று பாருங்கள். மற்றதெல்லாம் ஒரே சூட்டில் இருக்க, ஒன்று மட்டும் எகிறும். படி 1 போல எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அதைத் திறந்தேன். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது, உள்ளே பின் கறுத்து, ஒயரைப் பிடிக்காமல் தொளதொளவென்று ஆடியது. யாரோ கட்டிங் பிளேயரால் நசுக்கி விட்டிருக்கிறார்கள். பின்னை ஒயரோடு அழுத்திப் பிடிக்க வைக்க எம்சி4க்கென்று இருக்கும் கிரிம்பிங் டூல் இல்லாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள். இரண்டு வேறு கம்பெனி கனெக்டரை ஒன்றோடொன்று சொருகுவதும் வேண்டாம், சேர்வது போல இருக்கும், நாள்பட சூடாகும்.

கிளாம்ப் மீட்டர் வாங்கினால் டிசி ஆம்பியர் அளப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண கிளாம்ப் ஏசியை மட்டும்தான் அளக்கும், பேனல் ஒயரில் மாட்டினால் பூஜ்ஜியம் காட்டி உங்களைக் குழப்பும். இரண்டு வரிசை பேனல் இணையாகச் சேர்த்திருப்பவர்களுக்கு இது ரொம்ப உதவும்: இரண்டிலும் ஏறக்குறைய ஒரே ஆம்பியர் வர வேண்டும், ஒன்றில் குறைந்தால் அந்த வரிசையில் நிழல் விழுகிறதா என்று முதலில் பாருங்கள்.

பின்சேர்க்கை: கனெக்டரை மாற்றிய பிறகு மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் பாதிதான் வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். கன்ட்ரோலரைக் கழற்றி மாட்டும்போது மோட்டார் ஒயர்கள் இடம் மாறி, மோட்டார் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது. மூன்று பேஸ் மோட்டார் என்றால், மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் போதும்.

இன்னொருவர், காலையில் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, சொட்டுத் தண்ணீர் இல்லை என்றார். அது பழுதே இல்லை. பம்ப் தூக்கும் உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, முழு வேகமான 50 ஹெர்ட்ஸுக்குப் பதில் 35 ஹெர்ட்ஸில் சுற்றினால் முழு உயரத்தில் பாதிக்குத்தான் தண்ணீரைத் தள்ள முடியும். ஆழ்துளைக் கிணற்றில் வெயில் ஏறி ஹெர்ட்ஸ் கூடும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.