சர்காசம் முட்டையை அதன் பசையோடு பார்ப்பது எப்படி

வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக்கு இறங்குங்கள். தை, மாசியில் கடல் அடங்கியிருக்கும். வற்று நேரம் பார்த்துப் போனால் சர்காசம் என்ற கபில அல்கா, அதாவது கபிலநிறக் கடற்பாசி, கைக்கெட்டும். பிடுங்க வேண்டாம். புதிதாய் ஒதுங்கியதே போதும், இல்லாவிட்டால் நுனியைக் கத்தரித்து எடுங்கள். சில இனங்களில் ஆண், பெண் செடிகள் தனித்தனி என்பதால் நாலைந்து செடிகளில் இருந்து எடுப்பது நல்லது.

மிளகு போல உருண்டிருப்பவை காற்றுப்பைகள், அவை நமக்கு வேண்டாம். இலைக்கக்கத்தில் விரல் போலக் கொத்தாக நிற்கும் பருப்பருவான சிறு கிளைகளைத் தேடுங்கள். முட்டை அங்கேதான். ஈரப் பத்திரிகைத் தாளில் சுற்றி, வெயில் படாமல் கொண்டுவாருங்கள்.

வீட்டில் கண்ணாடிப் பாத்திரத்தில், துணியில் வடித்த கடல்நீரில் இடுங்கள். குழாய்நீர் ஒரு துளியும் கூடாது. முதல் தடவை நான் வழுவழுப்பைக் கழுவப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். முட்டைகள் ஊதி வெடித்துப் போயின. அந்த வழுவழுப்புத்தான் நாம் பார்க்க வந்ததே. வெளியே வந்த முட்டை நீரோடு போகாமல் தாய்க்கிளையிலேயே ஒட்டி நிற்பது அதனால்தான். கருக்கட்டலும் முதல் கலப்பிரிவுகளும் அங்கேயே நடக்கின்றன. கைவில்லையில் பார்த்தால் கிளையைச் சுற்றி கபிலநிற மணிகள் கோத்தது போலிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத சுரப்பும் கபில அல்காக்களில் உண்டு. எக்டோகார்ப்பஸ் என்ற இன்னொரு கபில அல்காவின் பெண் புணரி (இனப்பெருக்கக் கலம்) நீந்தி ஓரிடத்தில் அமர்ந்த பிறகு, ஆண் புணரிகளை இழுக்கும் பொருளை நீரில் விடும். 1971இல் அதை எக்டோகார்ப்பீன் என்று அடையாளம் கண்டார்கள். 11 காபன் அணுக்கள் கொண்ட ஐதரோகாபன். உண்மையில் இழுப்பது அதன் முன்வடிவம் என்றும், அது சில நிமிடங்களிலேயே எக்டோகார்ப்பீனாக மாறிவிடுகிறது என்றும் 1995இல் தெரியவந்தது. அழைப்பு பழசாவதற்குள் தானே அணைந்துவிடுகிறது! எனக்கு இன்றும் வியப்புத்தான்.

சரி, பாத்திரத்துக்கு வருவோம். அடியில் நுணுக்குக்காட்டிக்கான கண்ணாடி வழுக்கிகள் இரண்டை வையுங்கள். நேர் வெயில் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். கொழும்புச் சூட்டில் நீர் சீக்கிரம் நாறும், தினமும் மாற்றுங்கள். ஊற்றும்போது கிளையில் படாமல் ஓரமாக ஊற்றுங்கள். முட்டை வந்து ஓரிரு நாளில் முளையங்கள் வழுக்கியில் உதிரும். உடனே துளிக்குழாயால் மெல்ல நீர் பீச்சினால் உருண்டு ஓடும். ஒரு நாள் விட்டு அதே அளவு பீச்சுங்கள். அடியில் மெல்லிய வேர்போலிகள் விட்டு, ஒட்டும் பசையும் சுரந்திருக்கும், பெரும்பாலானவை அசையாது. வழுக்கியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டிய நேரம் அதுதான்.