எட்டாவதாக இறங்கும் பிள்ளைக்கும் பேட் கிடைக்கணும்

பத்து வயதுப் பிள்ளைகளுக்கு கிரிக்கெட் டீம் நடத்துகிறீர்களா? வழக்கமான மேட்ச்சைக் கொஞ்ச நாள் ஓரம் கட்டிவிட்டு ஜோடி கிரிக்கெட் ஆடவிடுங்கள், இங்கிலாந்தில் சின்னப் பிள்ளைகள் பல காலமாக ஆடுவது இதுதான். டீமுக்கு 8 பேர், 4 ஜோடி, ஜோடிக்கு 4 ஓவர். அவுட்டானால் யாரும் வெளியே போக வேண்டாம், டீம் கணக்கில் 5 ரன் கழித்துக்கொண்டு அதே பிள்ளை தொடர்ந்து ஆடலாம், ஸ்கோர் மைனஸுக்குப் போய்விடாமல் இருக்க ஆரம்பத்திலேயே 200 ரன் போட்டுவிடுவார்கள். அப்புறம் எல்லோருக்கும் 2 ஓவர் பந்துவீச்சு, கட்டாயம்.

முதல் பந்திலேயே போல்டாகி, மேட்ச் முடியும்வரை மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் அடுத்த வாரம் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறது, அதைச் சோம்பேறி என்று திட்டுவது பெரிய அநியாயம்! அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கால்பந்து ஆடும் பிள்ளைகளிடம் விளையாட்டில் எது சந்தோஷம் என்று கேட்டுத் தொகுத்த 81 காரணங்களில், ஜெயிப்பதற்குக் கிடைத்தது 48-ஆவது இடம்தான்.

பெற்றோரே, பிள்ளையை வண்டியில் கூட்டிப்போகும்போது ஸ்கோர் கேட்காதீர்கள், இன்னைக்கு யாரோட ஜோடி என்று கேளுங்கள். பந்து? டென்னிஸ் பந்தே போதும்.