நோவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்

மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு, வயிற்றிலிருந்து திசு எடுத்து மார்பை மீளமைத்த சத்திரசிகிச்சை முடிந்து அக்கா வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தபோது, கையில் ஒரு பை குளிசை. எதை எப்போது கொடுப்பது என்று தெரியாமல் முதல் இரவு முழுக்க விழித்திருந்தோம். அந்த இரவு உங்களுக்கு வரக்கூடாது.

முதல் வேலை வாட்டிலேயே. ஒவ்வொரு குளிசையும் எதற்கு, எத்தனை மணிக்கு, எந்த நாள்வரை என்று கேட்டு எழுதுங்கள். சிறுநீரகம், ஈரல், அல்சர், ஆஸ்துமா ஏதும் இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, பெனடோல், அதாவது பரசிட்டமோல். சாதாரண மருந்து என்று நினைப்போம். ஆனால் அத்திவாரமே அதுதான். பெரியவர்களுக்கு வழக்கமாக 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 500 மில்லிகிராம் குளிசை இரண்டு. நாளுக்கு 8-ஐத் தாண்டக்கூடாது; மெலிந்தவர்களுக்கு இன்னும் குறைவு. தடிமன் குளிசையிலும் பரசிட்டமோல் இருக்கும், அதையும் சேர்த்து எண்ணுங்கள். போனில் அலாரம் வைத்து, நோவு இல்லாவிட்டாலும் நேரத்துக்குக் கொடுங்கள். ஏறிவிட்ட நோவை இறக்கத்தான் கூடுதல் மருந்து தேவைப்படும்.

வைத்தியர் ஐபுப்ரூபனோ டைக்ளோபெனாக்கோ தந்திருந்தால் சாப்பாட்டுக்குப் பின். இந்த நோவு மருந்து பெனடோலைவிட வேறு வழியில் வேலை செய்வதால், பெனடோலோடு சேரும்போது மோர்பின் போன்ற கடும் நோவு மருந்தின் தேவை குறையும். ஆனால் காய்ச்சல் வந்தால் இதை நிறுத்தி வைத்தியரிடம் போங்கள். கொழும்பில் அது டெங்குவாகவும் இருக்கலாம், இரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

சரி, மோர்பின், ட்ரமடோல்? பயப்படவும் வேண்டாம், முதலில் கை வைக்கவும் வேண்டாம். மற்றதெல்லாம் கொடுத்தும் ஆழமாக மூச்செடுக்கவோ, இருமவோ, குளியலறைவரை நடக்கவோ முடியவில்லையா, அப்போது சொன்ன அளவு கொடுங்கள். நோவே இல்லாமல் செய்வது நோக்கமில்லை. நித்திரைக் குளிசையோடு சேர்க்கவே கூடாது. எழுப்பியும் எழும்பாவிட்டால், மூச்சு மெதுவானால், உடனே 1990 அம்புலன்ஸ். இவற்றால் மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். முதல் நாளிலிருந்தே தண்ணீர், பப்பாசி, வைத்தியர் தந்த மலமிளக்கி.

இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். படுக்கையில் முழங்காலுக்குக் கீழும் ஒன்று. அக்காவுக்கு இந்த இரண்டு தலையணையும் பெரிய ஆறுதல்.

ஒத்தடம் மட்டும் வேண்டாம். மீளமைத்த இடத்தில் உணர்ச்சி இராது, சுடுதண்ணிப் பை பொசுக்கினாலும் தெரியாது. ஐஸ் இரத்தக்குழாயைச் சுருக்கும். அந்த இடம் நீலமானால், வெளிறினால், திடீரென்று வீங்கி நோவு கூடினால், இன்னொரு குளிசை கொடுத்துப் பார்க்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சில மணித்தியாலத் தாமதத்தில் அந்தத் திசுவே போய்விடலாம்.