வெல்டு வைக்கும் முன் பாருங்கள்: காஸ்ட் அயர்னா, ஸ்டீலா?

உடைந்த பெஞ்ச் வைஸோ பம்ப் உறையோ பட்டறைக்கு வந்தால் உடனே வெல்டிங் ராடை எடுத்துவிடாதீர்கள். வார்ப்பிரும்பில், அதாவது காஸ்ட் அயர்னில், ஸ்டீலுக்கான சாதாரண 6013 ராடை ஓட்டினால் வெல்டு பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆறும்போது ‘டிக்’கென்று சத்தம் வரும், வெல்டை ஒட்டி ஒரு விரிசல் ஓடியிருக்கும். காரணம் கார்பன். சாதாரண ஸ்டீலான மைல்டு ஸ்டீலில் (எம்.எஸ்.) அது பெரும்பாலும் 0.25 சதவீதத்துக்குள், வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம். சூடேறிச் சட்டென்று ஆறும் இடம் கடினமாகி, இழுப்பைத் தாங்காமல் பிளந்துவிடுகிறது.

1. கண்ணால் பாருங்கள். சொரசொரப்பான மேற்பரப்பு, அச்சின் இரு பாதி சேர்ந்த கோடு, புடைத்த எழுத்துகள் இருந்தால் அது வார்த்த பொருள். ஆனால் ஸ்டீலையும் வார்ப்பார்கள், அதனால் இதோடு நிறுத்தக்கூடாது. உடைந்த வாயைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மணிமணியாக, கொஞ்சமும் வளையாமல் உடைந்திருந்தால் பெரும்பாலும் வார்ப்பிரும்புதான். காந்தம் இரண்டிலும் ஒட்டும். அதை நம்பிப் பயனில்லை.

2. தட்டிப் பாருங்கள். தொங்கவிட்டுச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் ஸ்டீல் கணீரென்று ஒலிக்கும், வார்ப்பிரும்பு மந்தமாக. விரிசல் விட்ட ஸ்டீலும் மந்தமாகவே ஒலிக்கும் என்பதால் இது துணைச் சான்று மட்டுமே.

3. டிரில் போடுங்கள். நான் அதிகம் நம்புவது இதைத்தான். பொருளுக்குக் கெடுதல் வராத ஓர் ஓரத்தில், எண்ணெய் விடாமல், 3 மி.மீ. பிட்டால் கொஞ்சம் துளையிடுங்கள். கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து வையுங்கள். ஸ்டீல் என்றால் சுருள் சுருளாக வரும். வார்ப்பிரும்பு என்றால் பொடியாகவும் சின்னச் சின்னத் துணுக்காகவும் உதிரும். அந்தப் பொடியைத் தாளில் தேய்த்தால் பென்சிலால் கிறுக்கியது போலக் கறுப்பாக இழுக்கும். பென்சிலில் இருக்கும் அதே கிராஃபைட்தான் இது. பிட் இறங்கவே மறுத்தால் அது வெள்ளை வார்ப்பிரும்பாகவோ கடினப்படுத்திய ஸ்டீலாகவோ இருக்கலாம். புதியவர்கள் அதில் கைவைக்க வேண்டாம்.

4. பொறியைப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லையா? பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வெளிச்சம் குறைந்த இடத்தில் கிரைண்டரைப் பிடியுங்கள். முதலில் தெரிந்த எம்.எஸ். துண்டு, அப்புறம் உங்கள் பொருள். சக்கரமும் அழுத்தமும் மாறக்கூடாது. எம்.எஸ். பொறி நீளமாக, வெளிர் மஞ்சளாகப் பாயும். வார்ப்பிரும்பின் பொறி குட்டை. சக்கரத்தருகே மங்கிய சிவப்பாகக் கிளம்பி, நுனியில் பொடிப்பொடியாக வெடிக்கும். கார்பன் அதிகமுள்ள ஸ்டீலிலும் வெடிப்பு உண்டு. ஆகவே நீளத்தையும் நிறத்தையும் சேர்த்தே பாருங்கள்.

வார்ப்பிரும்பு என்று உறுதியானால் நிக்கல் ராடு வாங்குங்கள். விரிசலின் இரு முனையிலும் சின்னத் துளை போடுங்கள். ஒரே மூச்சில் ஓட்டாமல் ஒவ்வொரு வெல்டையும் 25 மி.மீ. நீளத்துக்குள் வைத்து, சூடாக இருக்கும்போதே வெல்டின் மேல் லேசாகச் சுத்தியலால் தட்டி, ஆறவிட்டு அடுத்ததை வையுங்கள். வேலை முடிந்ததும் தண்ணீர் பக்கம் கொண்டுபோகாமல், காய்ந்த மணலில் புதைத்து மெல்ல ஆறவிடுங்கள்.