மண் தின்ற நாம்பன் கண்டு

முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம், ஆவணி மாதம். சிறுபோக நெல் வெட்டி முடிஞ்ச கையோடு எங்கட நாம்பன் கண்டு (ஆண் மாட்டுக்கன்று) கொட்டில் மண்ணை நக்கத் தொடங்கினது. வயது 5 மாதம். விளையாட்டு என்று விட்டுவிட்டேன். பிறகு பார்த்தால் சாணியில் மணல் கரகரக்குது, வயிறு ஊதி, மயிர் சிலிர்த்துப்போய் நிக்குது. அம்மா வாய்க்கூடை கட்டச் சொன்னா. கட்டினேன், அவிழ்த்த உடனே திரும்பவும் மண்தான்.

கால்நடை வைத்தியர் முதலில் கேட்டது, "தீனி என்ன போடுறனீங்கள்?" வைக்கல் மட்டும்தான். வைக்கல் வயிற்றை நிரப்பும், ஆனால் அதில் புரதமும் பொசுபரசும் குறைவு. அந்தக் குறையால்தான் கண்டு மண்ணுக்குப் போகுது, குடற்புழுவும் இருந்தால் இன்னும் மோசம் என்றார். நிறை பார்த்துக் குடற்புழுவுக்குப் பூச்சி மருந்து தந்தார்.

கனியுப்புக் (தாது உப்புக்) கலவையைத் தவிட்டில் பிசைந்து அவர் சொன்ன அளவில் தினமும் வைத்தேன். வேலியில் நின்ற சீமைக்கிளுவைக் குழையைப் போட்டேன், கண்டு மணந்து பார்த்துவிட்டுத் தள்ளியது (அந்த மணம் எனக்கே பிடிக்காது). ஒரு இரவு வாடவிட்டுப் போட்டேன், தின்றது. வாளியில் தண்ணீர் எப்பவும் நிறைய.

மூன்றாம் கிழமை மண்ணைத் திரும்பியும் பார்க்கவில்லை. கொடியில் காயும் என்ர சாரத்தை மட்டும் இன்னும் விடுகுதில்லை.